என்.எஃப்.எல். ஜெனரல் மேனேஜர் நீடித்து நிற்கும் அணியை எப்படிக் கட்டுகிறார்?

ஒரு வருஷம் ஜெயித்துவிட்டுக் காணாமல் போகாத அணியை எப்படிக் கட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.-இல் எனக்கு உடனே நினைவுக்கு வருபவர், பால்டிமோர் ரேவன்ஸ் அணிக்கு வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருந்த ஆஸி நியூசம்.

1996. கிளீவ்லாந்திலிருந்து வந்த அணிக்குப் புது ஊரில் முதல் டிராஃப்ட், அதாவது அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு. கையில் 4-வது தேர்வு. உரிமையாளருக்கோ ஒரு ரன்னிங் பேக் (பந்தோடு ஓடும் வீரர்) மேல் கண். நியூசம் தன் பட்டியலை நம்பி, எதிரணியைத் தடுக்கும் லெஃப்ட் டாக்கிள் ஜோனதன் ஆக்டனை எடுத்தார். அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருந்ததால் முதல் சீசனில் ஆக்டன் பக்கத்து இடமான கார்டில் ஆடினார்! அதே நாள் 26-வது தேர்வில் தற்காப்பு வீரர் ரே லூயிஸ். இருவரும் இன்று தலைசிறந்த வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில். இன்றைய ஓட்டையை அடைக்கப் பார்க்காமல் இருப்பதில் சிறந்தவரை எடுப்பது என்றால் இதுதான்.

அடுத்தது பணம். ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருப்பதால் எல்லாரையும் தக்கவைக்க முடியாது. ஒப்பந்தம் முடிந்து நல்ல வீரர்கள் வெளியேறினால், லீக் ஈடாக அடுத்த டிராஃப்டில் 3 முதல் 7 வரையான சுற்றுகளில் கூடுதல் தேர்வு தரும். பிற அணிகளில் ஒப்பந்தம் முடிந்து வந்தவர்களை வாங்கினால் அந்த ஈடு குறையும். ஒப்பந்தம் முடியுமுன் பழைய அணியே விடுவித்த வீரரை எடுத்தால் குறையாது. பலர் கவனிக்காத இந்த நுணுக்கத்தை நியூசம் வருஷக்கணக்கில் பயன்படுத்தினார். பொறுமை வேண்டும், ரசிகர்கள் திட்டுவார்கள்.

2018-இல், தன் கடைசி டிராஃப்டில், ஃபிலடெல்ஃபியாவிடம் பேரம் பேசி 32-வது தேர்வை வாங்கி, குவாட்டர்பேக் (தாக்குதலை வழிநடத்துபவர்) லமார் ஜாக்சனை எடுத்தார். முதல் சுற்று என்பதால் ஒப்பந்தத்தை ஐந்தாம் ஆண்டுக்கு நீட்டிக்க அணிக்கு உரிமையும் கூடவே வந்தது. அடுத்து பொறுப்பேற்றவர், 1996 முதல் அதே அணியில் வளர்ந்த எரிக் டிகோஸ்டா.