வீட்டில் கார்பன் மோனாக்சைடு நச்சைத் தடுக்க ஜன்னலைத் திறந்து வைத்தால் போதுமா?

போதாது. முதலில் பார்க்க வேண்டியது, எரியும் கருவியின் புகை எங்கே போகிறது என்பதைத்தான்.

விறகு, கரி, கேஸ், பெட்ரோல் எதுவானாலும், எரிவதற்கு ஆக்சிஜன் பற்றாமல் போகும்போது இந்த வாயு நிறைய உண்டாகும். நிறமோ மணமோ கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே காற்றில் கொஞ்சம்தான் இருந்தாலும், இரவு முழுக்கச் சுவாசித்தால் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும்.

நான் அதிகம் பயப்படுவது குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீசருக்கு. சின்ன அறை, சாத்திய கதவு. பர்னர் அங்குள்ள ஆக்சிஜனையே தின்று தீர்க்கும். கீசரை வெளிச்சுவரில் மாட்டி, வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவாருங்கள். புகைக்குழாய் இருக்கிறதே என்றும் நம்பிவிட முடியாது. காற்று உள்ளே வர வழியில்லாத அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால், அந்தக் குழாய் வழியாகவே புகை திரும்பி உள்ளே வரும்.

கரித் தணல் புகையாமல் கனிந்தபின்தான் பலர் அதைப் படுக்கையறைக்குள் எடுத்துப் போகிறார்கள். அப்போதும் அது இந்த வாயுவை விட்டுக்கொண்டேதான் இருக்கும். ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைவாய் ஜன்னல்களைப் பார்க்காமல் இருக்க வேண்டும். கதவு திறந்திருந்தாலும் கார் ஷெட்டில் வேண்டாம். அடுப்புச் சுடர் மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி பிடித்தால் பர்னரைச் சுத்தம் செய்யுங்கள்.

படுக்கையறைகளுக்கு அருகிலும் ஒவ்வொரு மாடியிலும் அலாரம் வையுங்கள். சமையல் கேஸ் கசிவைக் காட்டும் கருவி இதைக் கண்டுபிடிக்காது. கார்பன் மோனாக்சைடுக்கென்றே உள்ளதை வாங்க வேண்டும். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். அது சத்தத்தையும் மின்சுற்றையும்தான் சோதிக்கும், சென்சார் தேய்ந்திருப்பதைக் காட்டாது. அதனால் கருவியில் அச்சிட்ட காலாவதித் தேதி வந்ததும் மாற்றிவிடுங்கள்.

வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்து, காய்ச்சல் இல்லாமல், வெளியே போனதும் குறைகிறதா? எல்லோரையும் வெளியேற்றிவிட்டு அவசர உதவியை அழையுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். சாதாரண ஆக்சிமீட்டருக்கு இந்த வாயு ஒட்டிய ஹீமோகுளோபினும் ஆக்சிஜன் ஏறியதாகத்தான் தெரியும். மருத்துவமனையில் கார்பாக்சிஹீமோகுளோபின் (இந்த வாயு ஒட்டிய ஹீமோகுளோபின்) ரத்தப் பரிசோதனை கேளுங்கள். வீட்டில் எது எரிந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்லுங்கள்.