சிக்கனமாகச் சமைக்கவும், வீட்டிலேயே கேக், பன் செய்யவும் தைரியம் எப்படி வரும்?

கேள்வி கேட்டவர் வீட்டில் ஐந்து பேர், சம்பாதிப்பவர் ஒருவர். குறிப்பைப் பார்க்காமல் அடுப்பைப் பற்ற வைக்கத் தயக்கம். பிள்ளைகளுக்கு கேக், பன் செய்து தர ஆசை, ஆனால் பொருள் வீணாகிவிடுமோ என்று பயம்.

எங்கள் வீடும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். மதுரையில் இருக்கிறோம். நான், கணவர், அத்தை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். எனக்குத் தைரியம் வந்த வழியைச் சொல்கிறேன். குறிப்புகளைச் சேர்த்து வைப்பதால் அது வரவில்லை. ஒரு பொருள் குழம்பில் என்ன வேலை செய்கிறது, மாவில் என்ன வேலை செய்கிறது என்று கேட்டுக் கேட்டுத்தான் வந்தது. வேலை தெரிந்துவிட்டால், அந்தப் பொருள் இல்லாத நாளில் பதிலுக்கு எதைப் போடலாம் என்பது உங்களுக்கே தோன்றும். செலவு குறைவதும் அங்கேதான் தொடங்குகிறது.

தக்காளியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். தக்காளி குழம்பில் செய்வது இரண்டு வேலை: புளிப்பு தருகிறது, குழம்பைக் கெட்டியாக்குகிறது. புளிப்புக்கு நம்மிடம் புளி, மாங்காய், எலுமிச்சை, புளித்த மோர் எல்லாம் உண்டு. கெட்டியாக்க வெங்காயத்தைக் கொஞ்சம் கூட்டி நன்றாக வதக்கினால் போதும், அல்லது ஒரு துண்டு பரங்கிக்காயை வேகவைத்து மசித்துவிடலாம். அந்த மாதம் முழுக்க எலுமிச்சை ரசமும் மோர்க்குழம்பும் வத்தக்குழம்புமாக ஓடியது. வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை. அத்தைக்கு ரொம்ப சந்தோஷம், அவர் சின்ன வயதில் சாப்பிட்ட சாப்பாடு அதுதான்.

அடுத்தது பருப்பு. ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், அரிசி இலவசம். இந்த மூன்றையும் வாங்காமல் விடாதீர்கள். ஆனால் தினமும் சாம்பார் வைத்தால் ஒரு கிலோ பருப்பு ஐந்து பேருக்கு மாதம் முழுக்க வராது. அதனால் சாம்பாருக்குப் பாதி துவரை, பாதி பாசிப்பருப்பு போடுகிறேன். பாசிப்பருப்பு சீக்கிரம் வெந்துவிடும், கேஸும் மிச்சம். வாரத்தில் ஒரு நாள் கொள்ளு. இரவே ஊறவைத்துக் காலையில் வேகவிட்டு, அந்தத் தண்ணீரில் ரசம், கொள்ளில் சுண்டல் அல்லது துவையல். ஒரே கொதியில் இரண்டு பதார்த்தம். சிக்கனம் என்று சொல்லிப் பருப்பு, முட்டை, நிலக்கடலை, நெத்திலிக் கருவாடு இவற்றில் கை வைக்காதீர்கள். வளரும் பிள்ளைகள் உள்ள வீட்டில் குறைக்க வேண்டியது பாக்கெட் தீனியை. பருப்புச் சட்டியைக் குறைத்து வரும் மிச்சம் மிச்சமே இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

காய்கறிக்கு நான் உழவர் சந்தைக்குத்தான் போவேன். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று எங்கள் மதுரை அண்ணாநகரில்தான் தொடங்கியது. விளைவித்தவரே விற்கிறார், விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள். என்ன சமைப்பது என்று வீட்டில் முடிவு செய்துகொண்டு போகாதீர்கள். எது குவிந்து கிடக்கிறதோ, எது மலிவோ அதை வாங்கி வந்து, பிறகு என்ன சமைப்பது என்று யோசியுங்கள். இந்த ஒரு பழக்கம் எனக்குச் சமையலைக் கற்றுத் தந்ததுபோல வேறு எதுவும் கற்றுத் தரவில்லை.

வாங்கியதில் எதையும் எறியாமல் இருக்கப் பழகுங்கள். பீர்க்கங்காய்த் தோலை உளுத்தம்பருப்பு, மிளகாய்வற்றல், கொஞ்சம் புளியோடு வதக்கி அரைத்தால் துவையல். சௌசௌத் தோலுக்கும் அதே வழி. முளைக்கீரையின் இளந்தண்டு சாம்பாருக்கு, முள்ளங்கியின் இலை பருப்புக் கூட்டுக்கு, பலாக்கொட்டை புளிக்குழம்புக்கு. தர்பூசணியின் வெள்ளைப் பகுதி கூட்டுக்கு நன்றாக இருக்கும், சுவை சுரைக்காயை ஒத்திருக்கும். சித்திரை வெயிலில் கொத்தவரங்காயும் சுண்டைக்காயும் மோர்மிளகாயும் காயப்போட்டு வைத்தால், காய் விலை ஏறும் மழைக்காலத்துக்கு உதவும்.

இட்லி மாவுதான் எங்கள் வீட்டின் முதுகெலும்பு. ரேஷன் புழுங்கலரிசி நாலு பங்கு, முழு உளுந்து ஒரு பங்கு, வெந்தயம் ஒரு ஸ்பூன். அரிசியை நாலைந்து தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவினால் வாடை போய்விடும். உளுந்து நல்ல உளுந்தாக இருக்க வேண்டும், அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள், மாவு பொங்குவது அதனால்தான். முதல் இரண்டு நாள் இட்லி, அப்புறம் தோசை, புளிப்பு ஏறியதும் வெங்காயம் பச்சைமிளகாய் வதக்கிப் போட்டுக் குழிப்பணியாரம். கடைசியாக நிற்கும் ஒரு கரண்டி மாவில் ரவையும் கொஞ்சம் அரிசிமாவும் கலந்தால் இன்னொரு வேளைக்குத் தோசை. இட்லி மீந்தால் உப்புமா. சோறு மீந்தால் தண்ணீர் ஊற்றிப் பழைய சோறு, காலையில் மோரும் சின்ன வெங்காயமும்.

மாவு எப்போது பொங்கும் என்று கடிகாரத்தைப் பார்த்தா சொல்கிறோம்? சித்திரையில் ஆறு மணி நேரத்தில் பொங்கி வழிகிறது, மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம் ஆனாலும் அசையாமல் கிடக்கிறது. கையை விட்டுப் பார்த்து, மணத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறோம். பன் மாவுக்கும் இதே கண்தான் வேண்டும். நம் ஊர்ப் பெண்களும் ஆண்களும் பேக்கிங் என்றதும் ஏதோ புதுப் படிப்பு என்று ஒதுங்கி நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. மாவைப் புளிக்கவைக்கத் தெரிந்தவர்களுக்கு அதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

பன்னுக்கு: அரைக் கிலோ மாவு (மைதாவும் கோதுமையும் பாதிப் பாதி), இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒன்றரை டீஸ்பூன், உப்பு ஒன்றரை டீஸ்பூன், சர்க்கரை இரண்டு டேபிள்ஸ்பூன், எண்ணெய் இரண்டு டேபிள்ஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணீர் ஏறக்குறைய 320 மில்லி. கோதுமை கூடினால் தண்ணீர் இன்னும் இழுக்கும். பத்து நிமிடம் நன்றாக அடித்துப் பிசைய வேண்டும். குளிர்நாட்டுக் குறிப்புகளில் ஒன்றரை மணி நேரம் வைக்கச் சொல்வார்கள். நம் வெயிலில் முக்கால் மணி நேரத்திலேயே மாவு இரண்டு மடங்காகிவிடும், அதற்கு மேல் விட்டால் புளித்துப்போகும். மாவைப் பாருங்கள், மணியைப் பார்க்காதீர்கள். ஈஸ்டைச் சின்னப் பாக்கெட்டாக வாங்கிப் பிரித்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள். பழைய ஈஸ்ட் என்றால் சர்க்கரை கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் நுரைக்கவில்லை என்றால் அதை மாவில் போட வேண்டாம்.

கேக்குக்கு நேர் எதிர். சப்பாத்தி மாவைப் பிசையப் பிசைய இழுவை வருகிறதல்லவா, அந்த இழுவை பன்னுக்கு வேண்டும், கேக்குக்கு ஆகாது. அதனால் மாவு சேர்த்த பிறகு கலந்தும் கலக்காமலும் நிறுத்திவிட வேண்டும். சோடா மாவுக்குப் புளிப்பு இருந்தால்தான் காற்று கிளம்பும், அதற்குத்தான் தயிர். பேக்கிங் பவுடரில் புளிப்பும் சேர்ந்தே இருக்கிறது, ஈரமும் சூடும் போதும். ஒரு ஸ்பூன் பேக்கிங் பவுடரை வெந்நீரில் போட்டால் சடசடவென்று நுரைக்க வேண்டும். இது தெரிந்தால் கேக் ஏன் உப்பவில்லை என்று அழுதுகொண்டு உட்கார வேண்டியதில்லை, காரணத்தைத் தேடிவிடலாம்.

முட்டையில்லாத என் வழக்கமான அளவு: ஒரு கப் தயிர், முக்கால் கப் சர்க்கரை இரண்டையும் கரையும்வரை அடித்து, அரை டீஸ்பூன் சோடா, ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சேர்த்து ஐந்து நிமிடம் விடுங்கள். நுரைத்து வரும். அரைக் கப் எண்ணெய் (ரேஷன் பாமாயிலே போதும்), ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய். கடைசியில் ஒன்றரை கப் மாவைச் சலித்துச் சேர்த்துக் கலக்கவும். முழுக்கக் கோதுமை என்றால் இரண்டு மூன்று ஸ்பூன் பால் கூடுதல். தோல் கறுத்துப்போன வாழைப்பழம் இருந்தால் மசித்துச் சேர்த்துச் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளுங்கள். பழுக்கப் பழுக்க மாச்சத்து சர்க்கரையாகிவிடுகிறது, அந்தப் பழம்தான் கேக்குக்கு நல்லது.

ஓவன் வேண்டாம். அடி கனத்த பழைய அலுமினியச் சட்டியில் ஒரு விரல் உயரம் கல்லுப்பு பரப்பி, மேலே ஒரு பிரிமனை வடிவ ஸ்டாண்டு வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடாக்குங்கள். எண்ணெய் தடவிய டின்னை உள்ளே வைத்து, தீயைச் சிறுத்து, நாற்பது ஐம்பது நிமிடம். முதல் அரை மணி நேரம் திறக்கவே கூடாது. குத்திப் பார்த்த குச்சியில் மாவு ஒட்டாமல் வந்தால் வெந்தது. குக்கரிலும் செய்யலாம், கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட வேண்டும். ஆனால் தண்ணீர் இல்லாமல் அவ்வளவு நேரம் சூடேற்றினால் தினசரி குக்கர் பாழாகும், பழைய சட்டியே மேல். அந்த உப்பை ஆறவைத்து டப்பாவில் போட்டு அடுத்த கேக்குக்கு வைத்துக்கொள்ளலாம், சமையலுக்கு ஆகாது.

செலவு பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ரொட்டி செய்வதால் பெரிய மிச்சம் கிடையாது. மாவு, எண்ணெய், கேஸ் எல்லாம் கூட்டினால் கடை விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். பன்னைச் சூடாகத் தின்னும் ஆசைக்காகச் செய்யுங்கள். மிச்சம் இருப்பது கேக்கில்தான், அதுவும் பிறந்தநாள் கேக்கில். ஒரு கிலோ கேக்குக்குக் கடையில் கொடுக்கும் பணத்தில் வீட்டில் மூன்று நாலு முறை செய்துவிடலாம்.

எப்படித் தொடங்குவது? புதிதாக ஒன்று செய்யும் நாளில், கூடவே உங்களுக்கு நன்றாக வரும் பதார்த்தம் ஒன்றும் இருக்கட்டும். அப்போது வீட்டில் யாரும் பசியோடு இருக்க மாட்டார்கள், உங்களுக்கும் பதற்றம் இராது. அளவு பாதியாக இருக்கட்டும். ஒரே கேக்கை, ஒரே குழம்பைக் கை பழகும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். வாரம் ஒரு புது ஐட்டம் என்று ஓடுகிறவர்களுக்குக் கை பழகுவதில்லை. ஒரு நோட்டில் போட்ட அளவு, அன்றைய வெயிலா மழையா, ஆன செலவு மூன்றையும் எழுதி வையுங்கள். என் நோட்டைப் பார்த்துத்தான் இப்போது என் பெரிய பிள்ளை கேக் செய்கிறது.

ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவன் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். சட்டியில் மாதம் இரண்டு தடவையாவது செய்கிற பழக்கம் நின்றுபோகாமல் ஓர் ஆண்டு இருந்தால் அப்போது வாங்குங்கள். 1,500 வாட் ஓடிஜி ஒரு மணி நேரம் விடாமல் எரிந்தாலும் ஒன்றரை யூனிட்டுக்கு மேல் போகாது. ஒருமுறை சூடாக்கினால் கேக்கை எடுத்ததும் பன்னை உள்ளே வைத்துவிடுங்கள், அந்தச் சூடு வீணாக வேண்டாம்.