முதல் நாளே குதிரைமேல் ஏற்றாதீர்கள்

கே.வி.குப்பம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் தென்னந்தோப்பில் மூன்று குதிரைகள் வைத்திருக்கிறோம். ஞாயிறு காலையில் பெரிய பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லித் தருகிறேன். கூட வரும் தம்பி தங்கைகள், நாலைந்து வயதுக்காரர்கள், குதிரையைப் பார்த்ததுமே அழுகிறார்கள். ஏற்றினால் இன்னும் கத்துகிறார்கள். பொங்கல் சமயத்தில் சின்னதாக ஒரு குதிரை ஷோ நடத்தவும் ஆசை. இந்தச் சின்னதுகளை எப்படிச் சேர்த்துக்கொள்வது?"

முதல் வேலையாக, அழுகிற குழந்தையை ஏற்றுவதை நிறுத்துங்கள். "ஒரு தடவை ஏத்திட்டா பயம் தெளிஞ்சிடும்" என்று சொல்கிற சித்தப்பா எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார், அவரை ஓரமாக உட்காரவைத்து ஒரு டீ கொடுங்கள். நாலு வயதுக் குழந்தையின் உயரம் மூன்றேகால் அடி. மார்வாரிக் குதிரையின் முதுகே ஐந்தடிக்குப் பக்கத்தில் இருக்கும், அதற்கு மேல் கழுத்தும் தலையும். அந்தக் குழந்தையின் கண்ணுக்கு நேரே தெரிவது நாலு காலும் ஒரு பெரிய நெஞ்சும்தான். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு பாய்கிற குதிரைகளைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம்.

நானும் இந்தத் தப்பைச் செய்தவன்தான். ஒரு அப்பா போட்டோ எடுக்க வேண்டும் என்று அவசரப்படுத்த, மூன்று வயதுப் பையனை ஏற்றிவிட்டேன். எங்கேயோ ஒரு பலூன் வெடித்தது, குதிரை பக்கவாட்டில் ஒரே ஒரு எட்டுதான் நகர்ந்தது, பையன் என் கையில்தான் இருந்தான், கீறல்கூட இல்லை. ஆனால் அதற்கப்புறம் ஒரு வருஷம் அவன் எங்கள் கேட்டுக்குள் வரவே இல்லை.

அதனால் முதல் வருகையில் எல்லாமே தரையில்தான். சேணத்தை ஒரு பீப்பாய்மேல் கட்டிவையுங்கள், அதில் ஏறி உட்கார்ந்து, அங்கவடியில் கால் விட்டு, லகானைப் பிடித்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓட்டட்டும். லாயத்தில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று குதிரை கொள்ளு மெல்லுகிற சத்தத்தைக் கேட்கட்டும், அந்தச் சத்தத்தில் சொக்கிப்போகாத குழந்தையை நான் பார்த்ததில்லை. சாணம் போட்டால் ஐந்து நிமிஷம் சிரிப்பு, விட்டுவிடுங்கள். அப்புறம் கட்டிப்போட்ட, சாதுவான குதிரையின் தோள்பட்டைக்குப் பக்கத்தில் உங்களோடு நின்று பிரஷ் போடலாம். ஏன் தோள்பட்டை என்றால், குதிரைக்கு ஏறத்தாழ சுற்றிலும் பார்வை உண்டு, ஆனால் மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் ஒன்றும் தெரியாது. அந்த இரண்டு இடத்திலும் ஓசையில்லாமல் போய் நிற்கிற சின்னக் குழந்தைதான் மாட்டிக்கொள்ளும். "பேசிக்கொண்டே பக்கவாட்டில் வா, காது பின்னால் படிந்தால் ஒரு எட்டு தள்ளிப் போ" என்று சொல்லிக்கொடுங்கள். மூன்று வயதுக்கே இது புரியும், வீட்டுக்குப் போய்த் தாத்தாவுக்குப் பாடம் எடுப்பார்கள்.

கையால் தின்னக் கொடுப்பதில் நான் கொஞ்சம் கறார். உள்ளங்கையை விரித்துக் கொடுத்தால் கடிக்காது என்பது சரிதான், ஆனால் நாற்பது கை நீண்டால் எந்தக் குதிரையும் கைகளை மோந்து கவ்வப் பழகிவிடும். தவிர, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, கண்டதைத் தின்றால் வயிற்றுவலி வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பொங்கல் சமயம் வேறு, ஆளுக்கொரு கரும்புத் துண்டோடு வருவார்கள். ஒரே ஒரு வாளி வையுங்கள், நீங்கள் நறுக்கிவைத்த கேரட்டைக் குழந்தைகள் அதில் போடட்டும், அதோடு சரி.

இப்போது ஏற்றுகிற விஷயம். இரண்டாவது மூன்றாவது வருகையில் குழந்தையே கேட்கும், அப்போது ஏற்றுங்கள். உங்கள் மூன்று குதிரையும் பெரிய சாதி என்றால் ஒரு மட்டக்குதிரை பாருங்கள், 11, 12 ஹேண்ட் போதும். ஒரு ஹேண்ட் 4 அங்குலம், அதாவது நாலடிக்குள். பக்கத்தில் நடக்கிறவர் கையை நீட்டினால் குழந்தையின் இடுப்பைப் பிடிக்க முடிய வேண்டும், உயரத்துக்கு அதுதான் கணக்கு. ஐந்து வயதுக்குக் கீழே என்றால் கயிற்றைப் பிடிக்க ஒருவர், இரண்டு பக்கமும் ஒவ்வொருவர், ஆக மூன்று பெரியவர்கள். நடை மட்டும்தான், பத்து நிமிஷம். இன்னும் ஒரு ரவுண்டு என்று கெஞ்சும்போதே இறக்கிவிடுங்கள், அடுத்த வாரம் தானாக வருவார்கள். சேணத்தோடு துண்டால் கட்டிவைப்பதைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள், குதிரை விழுந்தால் குழந்தை அடியில் போய்விடும்.

ஹெல்மெட் சவாரிக்கென்றே செய்ததாக இருக்கட்டும். சைக்கிள் ஹெல்மெட்டும் கிரிக்கெட் ஹெல்மெட்டும் இந்த விழுகைக்குச் செய்தவை இல்லை. மூன்று அளவில் வாங்கிவைத்து, உள்ளே போட ஆளுக்கொரு பருத்தித் துணி கொண்டுவரச் சொல்லுங்கள், வியர்வைக்கும் பேனுக்கும் அதுதான் வழி. காலுக்கு அரை அங்குலக் குதிகால் உள்ள மூடிய ஷூ வேண்டும், இல்லாவிட்டால் பாதம் அங்கவடிக்குள் வழுக்கி மாட்டிக்கொள்ளும். ஆம்பூர் பக்கத்திலேயே இருக்கிறது, ஷூவுக்கா பஞ்சம்! பட்டுப்பாவாடை, கொலுசு எல்லாம் கழற்றிவிட்டு பேண்ட் போட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்று அழைப்பிலேயே எழுதிவிடுங்கள், வந்தபிறகு சொன்னால் அம்மாக்களோடு சண்டைதான் வரும். டெட்டனஸ் தடுப்பூசி போட்டாச்சா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், குதிரைச் சாணம் புழங்குகிற மண்.

ஷோவுக்கு வருகிறேன். பொங்கலை ஒட்டி நம் ஜில்லாவில் ஊருக்கு ஊர் எருது விடும் விழா, பட்டாசு, பம்பை, மேளம். அந்த நாட்களில் வைக்காதீர்கள், குதிரைக்கும் ஆகாது, உங்களுக்கு ஆள் உதவியும் கிடைக்காது. மார்கழி விடுமுறையில் ஒரு ஞாயிறு, காலை ஏழிலிருந்து ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள். கோன் ஸ்பீக்கர் வேண்டாம், சின்ன மைக் போதும், அதையும் இரண்டு வாரம் முன்பிருந்தே தீவனம் போடும் நேரத்தில் மெதுவாகப் போட்டுக் குதிரைகளைப் பழக்குங்கள். பலூனுக்குத் தடை. குதிரை வரும் வழியும் மக்கள் வரும் வழியும் எங்கேயும் குறுக்கிடக் கூடாது, கயிறு கட்டுங்கள்.

சின்னதுகளின் நிகழ்ச்சியை முதலில் வையுங்கள். பெரியவர்கள் தாண்டிக் குதித்து முடிக்கும்வரை காத்திருந்தால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். எனக்குப் பிடித்தது குச்சிக்குதிரை ஓட்டம்: பழைய சாக்ஸில் பஞ்சடைத்துக் குச்சியில் கட்டி, அதில் 'ஏறி' தென்னை மட்டைகளைத் தாண்டி ஓடுவது. குதிரைக்குப் பக்கத்தில் வரவே பயப்படும் குழந்தைக்கும் அன்று ஒரு ரிப்பன் கிடைக்கும். அடுத்து கயிற்றுப்பிடி நடை, முதல் பரிசு இரண்டாம் பரிசு எதுவும் இல்லாமல். நிழல், தண்ணீர், கழிப்பறை, பாட்டிகளுக்கு நாலு நாற்காலி, இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

டிக்கெட் போடலாமா என்று யோசித்தால் ஒரு விஷயம். டிக்கெட் விற்று மக்களை உள்ளே விட்டு, பழக்கிய விலங்கைக் காட்டுவது 1960-ம் வருஷத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் வருகிறது, விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்தாக வேண்டும். முதல் வருஷம் உங்கள் மாணவர் குடும்பங்களை மட்டும் சும்மா அழைத்து நடத்திப் பாருங்கள், நாற்பது குழந்தைக்கு மேல் வேண்டாம்.