கேளுங்க, சொல்றோம்: ஹம்ப்டா கணவாய்

இமாசலப் பிரதேசத்தில் குல்லுவிலிருந்து லாகூலுக்குக் கடக்கும் ஹம்ப்டா கணவாய் சுமார் 4,270 மீட்டர் உயரம். இந்த சீசனில் அங்கே கிளம்பும் வடசென்னை வாசகர்கள் கேட்டவை இவை.

டெல்லி வரை ரயிலில் போனால் உடம்பு மெல்ல மலைக்குப் பழகிவிடும், பிளேனில் போனால்தான் தலைவலி வரும் என்கிறார்கள். உண்மையா? மாத்திரை தேவையா?
– வாசகர், தண்டையார்பேட்டை

இல்லை. டெல்லியும் சமவெளிதான். எதில் போனாலும் மணாலியில் (சுமார் 2,050 மீட்டர்) இறங்கிய பிறகுதான் உடம்பு பழகவே தொடங்கும். அதில் கணக்கு, நீங்கள் பகலில் ஏறும் உயரம் அல்ல, இரவில் தூங்கும் உயரம். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது மலை மருத்துவத்தின் பொது விதி.

பலர் காலையில் மணாலியில் பஸ் இறங்கி, அன்றே ஜோப்ரா வழியாக சிக்கா முகாமுக்கு (சுமார் 3,100) ஏறிவிடுகிறார்கள். மறுநாள் பாலு கா கேரா முகாம், அதற்கு மறுநாள் கணவாய். கடல் மட்டத்திலிருந்து போகிறவருக்கு இந்த வேகம் ஆகாது. மணாலியில் இரண்டு இரவு தங்குங்கள். முடிந்தால் பாலு கா கேராவிலும் ஒரு நாள் கூடுதலாக இருங்கள். கணவாயின் உச்சியில் காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும்.

தலைவலியோடு குமட்டல், சாப்பாடு பிடிக்காமை, அசதி சேர்ந்தால் அது உயரத்தால் வரும் நோய்; அங்கேயே நில்லுங்கள், மேலே ஏறாதீர்கள். அப்படி இருப்பவரை, ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரலை ஒட்டும்படி நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே இறக்க வேண்டும். இதில் பலர் யோசிக்காத சிக்கல் ஒன்று உண்டு. கணவாயைத் தாண்டி ஷியா கோரு முகாமில் (சுமார் 3,900) படுத்தபின் நோய் முற்றினால், வண்டி கிடைக்கும் சத்ரூவுக்கு இறங்க ஆற்றைக் கடந்தாக வேண்டும். திரும்பிப் போவதென்றால் கணவாயையே மறுபடி ஏற வேண்டும். அதனால் 'போகலாமா, வேண்டாமா' என்பதை பாலு கா கேராவிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

மாத்திரை என்றால் அசெட்டசோலமைடு. 125 மில்லிகிராம் வீதம் தினம் இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவது வழக்கம். விரல் நுனி மதமதக்கும், சிறுநீர் அதிகம் போகும். சல்ஃபா அலர்ஜியோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் ஆபத்து என்பதால் டாக்டர் சீட்டில்லாமல் வாங்காதீர்கள். தூக்க மாத்திரையும் மதுவும் அறவே வேண்டாம்.

சில வருஷம் முன்பு வாங்கிய டிரெக்கிங் ஷூ பரணில் புதுசு போலவே இருக்கிறது. போடலாமா?
– வாசகர், காசிமேடு

பார்வைக்குப் புதுசாக இருப்பதை நம்பாதீர்கள். பல ஷூக்களில் அடிப்பாகத்துக்கும் மேல்தோலுக்கும் நடுவே உள்ள மெத்தை பாலியூரித்தேன். கடலோர ஈரக்காற்று பட்டுப்பட்டு, போடாமல் வைத்திருந்தாலும் அது உள்ளுக்குள் சிதையும். பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்துங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ, மாவு போல உதிர்ந்தாலோ தூக்கிப் போடுங்கள். இல்லாவிட்டால் பாதி வழியில் அடிப்பாகம் மொத்தமாகக் கழன்று வரும். நன்றாக இருந்தாலும், கிளம்பும் முன் சில வாரம் போட்டு நடந்து பாருங்கள். புதுசு வாங்கினால் அரை சைஸ் பெரிதாக வாங்குங்கள். கணவாயிலிருந்து ஷியா கோருவுக்கு இறங்கும் செங்குத்தில், ஷூ இறுக்கமாக இருந்தால் விரல் நுனி இடித்து நகம் கறுத்துவிடும்.

பயிற்சிக்கு எண்ணூர் பக்கம் கடலோர நடை போதுமா?
– வாசகி, பெரம்பூர்

போதாது, அது சமதளம். பெரம்பூரில் லோக்கல் ஏறித் திருத்தணி போங்கள். 365 படி இருக்கிறது. முதுகில் ஏழு கிலோ சுமந்து இரண்டு தடவை ஏறி இறங்கத் தொடங்கி, வாரத்துக்கு வாரம் கூட்டுங்கள். இறங்கும்போது ஓடாதீர்கள். முழங்காலைத் தாங்கும் தொடைத் தசை மெதுவாக இறங்குவதில்தான் பலப்படும்.

ஜமதக்னி முனிவர் கூடையில் தெய்வங்களைச் சுமந்து வந்தது இந்தக் கணவாய் வழியாகத்தானா? எங்கள் தெருவில் அவர் மனைவி ரேணுகாதேவிக்குக் கோயில் இருப்பதால் கேட்கிறேன்.
– வாசகி, கொருக்குப்பேட்டை

கூடை திறந்தது பக்கத்தில் உள்ள சந்திரகனி கணவாயில் (சுமார் 3,660 மீட்டர்). அங்கே வீசிய காற்றில் தெய்வங்கள் பறந்து, குல்லு முழுக்க ஊருக்கொன்றாக அமர்ந்ததாகச் சொல்வார்கள். முனிவரை அங்கே ஜம்லு என்பார்கள். சந்திரகனியைத் தாண்டினால் வரும் மலானா கிராமம் அவருடையது. அங்கே ஊர்க்காரர்களையோ கோயில் சுவரையோ தொடக்கூடாது. இதை அவசியம் மதியுங்கள்.

ஹம்ப்டாவில் இந்திரன் கதை. வானம் தெளிந்தால் உச்சியிலிருந்து இந்திராசன் (6,221 மீட்டர்), தேவ் திப்பா (6,001) இரண்டும் தெரியும். முன்னது இந்திரனின் ஆசனம், பின்னது தேவர்கள் கூடும் மலை. மலை இறங்கி, சத்ரூவிலிருந்து வண்டியில் போகும் சந்திரதால் ஏரிக்கரையிலிருந்துதான் தருமரை இந்திரன் தேரேற்றிச் சொர்க்கம் அழைத்துப் போனதாக நம்பிக்கை. அங்கே குளிக்கவோ கரையில் கூடாரம் போடவோ நினைக்காதீர்கள். முகாம்கள் ஏரியிலிருந்து தள்ளித்தான் இருக்கின்றன.

ஆற்றைக் கடப்பது பயமாக இருக்கிறதே?
– வாசகர், திருவொற்றியூர்

விடியற்காலையில் கடந்துவிடுங்கள். வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலில் தண்ணீர் பெருகும். வெறுங்காலோடு இறங்காமல் பட்டை செருப்பு போடுங்கள். பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டால், விழுந்தாலும் பையை உதறிவிட்டு எழலாம். நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, கைகோத்து, ஒரு கால் ஊன்றிய பிறகே அடுத்ததை எடுங்கள். இடையில் நின்று போட்டோ எடுக்காதீர்கள், அந்தக் குளிரில் கால் சீக்கிரம் மரத்துப்போகும்.