பாதி வழியில் பர்டூ – கடிதமும் பதிலும் (ஜனவரி 2024)

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் இந்தியானா மாநிலம் வெஸ்ட் லஃபயட்டில், பர்டூ பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பொறியியல் படிக்கிறேன். ஊரில் இருந்தவரை கூடைப்பந்தை நின்று பார்த்ததுகூட இல்லை. இங்கே வந்த பிறகு பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி ஆடும் மேக்கி அரங்கின் சத்தத்தில் சிக்கிக்கொண்டேன். 2024 ஜனவரி 5 அன்று எங்கள் அணி இல்லினாய் அணியை 83–78 என்று வென்ற ஆட்டத்தை நேரில் பார்த்தேன். நான்கே நாளில் நெப்ராஸ்காவிடம் 72–88 என்று தோற்றது மனதை மிகவும் பாதித்துவிட்டது. டிசம்பரில் அரிசோனாவை வென்றபோது, இந்த அணி ஏப்ரல் வரை ஆடும் என்று எழுதியிருந்தீர்கள். என் அறைத் தோழர்களோ, "பர்டூ எப்போதும் இப்படித்தான், ஜனவரியில் முதலிடம், மார்ச்சில் அவமானம்" என்கிறார்கள். உங்கள் கருத்தில் மாற்றம் உண்டா? இந்த அணியின் பலமும் பலவீனமும் உண்மையில் எவை?

ஆர்.
வெஸ்ட் லஃபயட்

அன்புள்ள ஆர்.,

என் கருத்தில் மாற்றம் இல்லை. ஆனால் உங்கள் தோழர்கள் சொல்வதை எளிதில் தள்ளிவிடவும் முடியாது, ஏனென்றால் அவர்கள் பேசுவது நடந்த வரலாறு. மார்ச்சில் தொடங்கி ஏப்ரலில் முடியும் தேசியப் போட்டியில் அணிகளுக்கு ஒன்று முதல் பதினாறு வரை தரம் கொடுப்பார்கள்; ஒன்றுதான் மிக உயர்ந்தது. 2021-இல் பதின்மூன்றாம் தர வரிசையில் இருந்த நார்த் டெக்சாஸ், 2022-இல் பதினைந்தாம் தரத்தில் இருந்த செயின்ட் பீட்டர்ஸ், 2023-இல் பதினாறாம் தரத்தில் இருந்த ஃபேர்லி டிக்கின்சன் என்று மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக, தன்னைவிட வெகு கீழே வைக்கப்பட்ட அணிகளிடம் பர்டூ தேசியப் போட்டியில் வீழ்ந்திருக்கிறது. ஆடவர் போட்டியில் முதல் தர அணி ஒன்று பதினாறாம் தர அணியிடம் தோற்றது இதுவரை இரண்டே முறை. 2018-இல் வர்ஜீனியா, சென்ற மார்ச்சில் பர்டூ. அந்த வடு உள்ள ஓர் அணி ஜனவரியில் ஓர் ஆட்டம் தோற்றாலும், பார்க்கிறவர்களுக்கு மார்ச் நினைவு வருவது இயல்புதான்.

புதன்கிழமை காலை நெப்ராஸ்கா ஆட்டத்தைப் பார்த்தேன். அன்று மாலை, ஃபேர்லி டிக்கின்சன் ஆட்டத்தின் பதிவையும் எடுத்து மறுபடி பார்த்தேன். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது ஒன்று எனக்குத் தெளிவானது: இவை ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள் அல்ல. சென்ற மார்ச்சில் பர்டூ எடுத்த புள்ளிகள் 58. எதிரணி எடுத்தது வெறும் 63. அன்று காவல் (எதிரணியைத் தடுக்கும் ஆட்டம்) தோற்கவில்லை, தாக்குதல் (புள்ளி எடுக்கும் ஆட்டம்) தோற்றது. இந்தப் பருவத்தில் இதுவரை கண்ட இரண்டு தோல்விகளிலும் கதை நேர் எதிர். டிசம்பர் 1 அன்று நார்த்வெஸ்டர்னிடம் கூடுதல் நேரத்தில் 88–92, இப்போது நெப்ராஸ்காவிடம் 72–88. ஒன்றில் 92 புள்ளி, மற்றதில் 88 புள்ளி விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அணியின் நிலையை எடைபோட வேண்டுமென்றால் இந்த வேறுபாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வெற்றி தோல்விக் கணக்கு அதிகம் உதவாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதினாறு ஆட்டங்கள் முடிந்த நிலையில் இன்று பர்டூவின் கணக்கு 14–2. சென்ற ஆண்டு இதே கட்டத்தில் 15–1. பிறகு 22–1 வரை போய், அடுத்த ஆறு ஆட்டங்களில் நான்கைத் தோற்றார்கள். அன்றைய கணக்கு இன்றையதைவிட மேலாகத்தான் இருந்தது, ஆனால் அணி மேலான அணியாக இருக்கவில்லை.

பலம் என்று பேசத் தொடங்கினால் ஸாக் ஈடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏழடி நான்கு அங்குல உயரம், முந்நூறு பவுண்டு எடை, சென்ற ஆண்டின் தேசியச் சிறந்த வீரர் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. டொரன்டோவில் வளர்ந்த அவர் சிறுவயதில் ஐஸ் ஹாக்கியும் பேஸ்பாலும் ஆடிவிட்டு, உயர்நிலைப் பள்ளிக் காலத்தில்தான் இந்த ஆட்டத்துக்கே வந்தார். உங்களைப் போன்ற மாணவர்களுக்கு நெருக்கமான செய்தி இன்னொன்று உண்டு. கனடியரான அவர் அங்கே படிப்பது மாணவர் விசாவில். சக வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரங்களுக்குக் கொடுத்துச் சம்பாதிக்க, நாட்டின் மிகப் பெரிய கல்லூரி வீரரான அவருக்கு அந்த விசாவின் விதிகள் குறுக்கே நிற்கின்றன. அப்படியிருந்தும் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகாமல், சென்ற கோடையில் அதற்கான வீரர் தேர்விலிருந்து தன் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு கல்லூரிக்கு வந்தார். அந்த முடிவின் மீது எனக்குப் பெரும் மரியாதை உண்டு.

ஆனால் ஈடியின் உயரத்தை மட்டும் பார்க்கிறவர்கள் அவருடைய கைகளைக் கவனிப்பதில்லை. அடுத்த முறை அரங்கில் இருக்கும்போது பாருங்கள்: வளையத்துக்கு இடப்பக்கம், முதுகை எதிரிக்குக் கொடுத்து, ஒரு கையை உயர்த்திப் பந்து கேட்கிறார். பந்து வந்ததும் அதை இரு கைகளாலும் நெற்றிக்கு மேலே பிடித்துக்கொள்கிறார். இடுப்பு உயரத்துக்கு இறக்குவதே இல்லை. கோவையில் நான் கல்லூரி அணிக்கு ஆடிய நாட்களில் எங்கள் பயிற்சியாளர் உயரமான பையன்களிடம் தொண்டை வறளக் கத்தியது இதைத்தான். பந்தை இறக்கினால் குள்ளமானவன் தட்டிவிடுவான் என்பார். ஈடி பந்தை மேலே வைத்திருக்கும்வரை எதிரணிக்கு இரண்டே வழிகள் மிஞ்சுகின்றன. ஃபவுல் (விதிமீறல்) செய்யலாம், அல்லது இரண்டாவது ஆளை அனுப்பலாம். ஃபவுல் செய்தால் எதிரணியின் உயரமான வீரர்கள் ஒவ்வொருவராக வெளியே உட்கார வேண்டிவரும், அதற்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவும் (யாரும் தடுக்காத எறி) அவருக்குக் கைவந்ததே. இரண்டாவது ஆளை அனுப்பினால், வெளியே ஒரு பர்டூ வீரர் தனியாக நிற்பார்.

அந்தத் தனியாக நிற்கும் வீரர் என்ன செய்கிறார் என்பதில்தான் சென்ற ஆண்டுக்கும் இந்த ஆண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஃபேர்லி டிக்கின்சன் நாட்டின் முதல் பிரிவிலேயே மிகக் குள்ளமான அணி. அவர்கள் ஈடிக்கு முன்னால் ஓர் ஆள், பின்னால் ஓர் ஆள் என்று நிறுத்திவிட்டு, மற்றவர்கள் எறிந்து கொள்ளட்டும் என்று விட்டார்கள். பர்டூ 26 த்ரீ-பாயிண்டர்கள் (தூரத்திலிருந்து எறிந்து மூன்று புள்ளி பெறும் எறிகள்) முயன்று ஐந்தைத்தான் போட்டது. அன்று பந்தைக் கொண்டுவரும் பொறுப்பில் இருந்த பிரேடன் ஸ்மித்தும், தூரத்திலிருந்து எறியும் பொறுப்பில் இருந்த ஃப்ளெட்சர் லோயரும் முதலாண்டு மாணவர்கள். பருவத்தின் கடைசி மாதத்தில் அவர்கள் கால்கள் ஓய்ந்துபோயிருந்தன, நெருக்கடியில் கைகளும் தயங்கின.

இப்போது அதே இருவரையும் பாருங்கள். டிசம்பர் 16 அன்று இண்டியானாபொலிஸில், அன்றைய முதலிட அணியான அரிசோனாவை 92–84 என்று வென்றபோது லோயர் 27 புள்ளிகளும் ஸ்மித் 26 புள்ளிகளும் எடுத்தார்கள். ஈடி எடுத்தது 22. சென்ற ஆண்டு இப்படி ஓர் எண்ணிக்கையை நாம் கற்பனை செய்திருக்க முடியாது. இந்த அணி ஏப்ரல் வரை ஆடும் என்று நான் எழுதியது அந்த எண்ணிக்கையை வைத்துத்தான், வெற்றியை வைத்து அல்ல. ஈடியைச் சுற்றி வளைத்தால் தண்டிக்கக்கூடிய இருவர் இந்த அணியில் உருவாகிவிட்டார்கள் என்பதே அதன் பொருள்.

மூன்றாவதாக ஒருவர் வெளியிலிருந்து வந்திருக்கிறார். சதர்ன் இல்லினாயில் நான்காண்டுகள் ஆடிவிட்டு, ஐந்தாவது ஆண்டுக்காக பர்டூவுக்கு மாறிவந்த லான்ஸ் ஜோன்ஸ். பயிற்சியாளர் மேட் பெயின்டர் பொதுவாகப் பள்ளியிலிருந்தே வீரர்களை எடுத்துப் பல ஆண்டுகள் வளர்க்கிறவர்; மாறிவருகிறவர்களை அதிகம் நாடாதவர். அவரே இப்படி ஒருவரைத் தேடிப் பிடித்தார் என்றால், சென்ற ஆண்டின் குறை என்ன என்பதை அவர் சரியாகவே கண்டிருக்கிறார் என்று பொருள். விரைவான கால்கள் உள்ள, எதிரணியின் சிறந்த கார்டை (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் வீரர்) பொறுப்பெடுத்துக்கொள்ளும் ஒருவர் அந்த அணியில் இல்லை. ஜோன்ஸ் சில வேளை அவசரப்பட்டு எறிகிறார், அது உண்மைதான். ஆனாலும் பந்துடன் நேராக வளையத்தை நோக்கிப் பாயும் துணிவு அவரிடம் இருக்கிறது. இந்த அணிக்கு அது மிகத் தேவை.

நவம்பரில், ஹவாயின் லஹைனா தீவிபத்தின் காரணமாக மௌயியிலிருந்து ஹொனலூலுவுக்கு மாற்றப்பட்ட போட்டியில், மூன்று நாட்களில் கொன்சாகா, டென்னசி, மார்க்வெட் ஆகிய மூன்று அணிகளையும் அடுத்தடுத்து வென்றார்கள். மார்ச் மாதத்துக்கு இதைவிட நெருக்கமான ஒத்திகை கிடையாது.

இனி பலவீனம். இதைத்தான் நீங்கள் கவலையுடன் பார்க்க வேண்டும்.

எதிரணியின் சென்டர் (வளையத்தருகே ஆடும் உயரமான வீரர்) மேலே வந்து ஸ்க்ரீன் வைக்கிறார், அதாவது பர்டூ வீரரின் வழியில் மறைப்பாக நிற்கிறார். பந்துடன் வரும் கார்டு அந்த மறைப்பைச் சுற்றித் திரும்புகிறார். அவரைக் காக்கும் பர்டூ வீரர் மறைப்பில் மோதி அரை நொடி பின்தங்குகிறார். இப்போது ஈடி மேலே ஏறிவந்து அந்தக் கார்டை எதிர்கொள்ள வேண்டும். ஆனால் அவ்வளவு பெரிய உடலுடன் இருபது அடி வெளியே வந்தால், ஒரே எட்டில் அவரைக் கடந்துவிடுவார்கள். ஆகவே அவர் வளையத்துக்கு அருகே பின்வாங்கி நிற்கிறார். பெயின்டர் தெரிந்தே செய்யும் தேர்வு இது, பெரும்பாலான இரவுகளில் சரியான தேர்வும்கூட. ஏனென்றால் வளையத்தடியில் எளிதாகப் புள்ளி எடுக்க யாராலும் முடிவதில்லை. ஆனால் ஃப்ரீ த்ரோ கோட்டைச் சுற்றி ஒரு வெற்றிடம் திறந்து கிடக்கிறது. அங்கே நின்று நிதானமாக எறியத் தெரிந்த ஒரு கார்டு எதிரணியில் இருந்தால் பர்டூ தடுமாறுகிறது. நார்த்வெஸ்டர்னின் பூ பூயி 31 புள்ளிகள் எடுத்தது இப்படித்தான். டொரன்டோவில் அலபாமாவை வென்ற ஆட்டத்தில்கூட அவர்களுடைய மார்க் சியர்ஸ் 35 எடுத்தார். ஈடியும் 35 எடுத்ததால்தான் அன்று 92–86 என்று தப்பித்தார்கள்.

நெப்ராஸ்கா இதை வேறொரு வழியில் செய்தது. அந்த வெற்றிடத்தை அடைக்க உள்ளே நகர்ந்த பர்டூ வீரர்களின் முதுகுக்குப் பின்னால் பந்தை வெளியே அனுப்பி, 14 த்ரீ-பாயிண்டர்களைப் போட்டார்கள். ஜப்பானியரான கெய்செய் தொமினாகா 19 புள்ளிகள் எடுத்தார். ஓர் இரவில் எல்லாம் விழுந்தது என்று இதை நான் சமாதானம் சொல்லமாட்டேன். எறிந்தவர்களில் பலருக்கு எதிரே கை நீட்ட ஆள் இல்லை.

இதனுடன் சேர்ந்தது இன்னொரு குறை. பர்டூ எதிரணியிடமிருந்து பந்தைப் பறிக்கும் அணி அல்ல. அதே வேளையில் தன் பந்தை நெருக்கடியில் இழக்கும் அணி. சொந்த அரங்கில் இது தெரிவதில்லை. வெளியூரில், கூட்டம் எழுந்து நிற்கும்போது, ஈடிக்கு அனுப்பும் பாஸ் ஒன்று முன்கூட்டியே போய்விடுகிறது, அல்லது ஒரு கணம் தாமதமாகிறது. அப்படி இழந்த பந்து மறுமுனையில் எளிய புள்ளியாகிறது. அப்போது ஈடி மைதானத்தின் தவறான பாதியில் நிற்கிறார். இரண்டு தோல்விகளும் வெளியூரில், அதுவும் தேசிய முதலிடத்தில் இருந்தபோது வந்தவை என்பதைக் கவனியுங்கள். முதலிட அணி வந்தால் ஒவ்வோர் ஊரும் தன் ஆண்டின் சிறந்த ஆட்டத்தை எடுத்துவைக்கிறது. பர்டூ ஆடும் பல்கலைக்கழகக் குழுமமான பிக் டென்னில் இன்னும் பதினைந்து ஆட்டங்கள் மீதமிருக்கின்றன.

அப்படியானால் இனி என்ன ஆகும்? என் கணிப்பை ஒளிக்காமல் சொல்கிறேன். பிக் டென் பட்டம் இவர்களுக்கே வரும், இன்னும் ஓரிரு வெளியூர்த் தோல்விகளுடன். தேசியப் போட்டி நடுநிலை அரங்குகளில் நடப்பது இவர்களுக்குச் சாதகம். நடுநிலை அரங்குகளில் இந்த ஆண்டு இவர்கள் ஒருமுறைகூடத் தோற்கவில்லை. 1980-க்குப் பிறகு, இந்த 2024 ஜனவரி வரை, பர்டூ தேசியப் போட்டியின் இறுதி நான்கில் இடம்பெற்றதில்லை. அந்தக் காத்திருப்பு இந்த ஆண்டு முடியும் என்று நம்புகிறேன். பட்டத்தைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். இரண்டாவது ஆளை அனுப்பாமல், ஒரே சென்டரைக் கொண்டு ஈடியை எதிர்கொண்டுவிட்டு, மற்ற நால்வரையும் ஸ்மித், லோயர் அருகிலேயே ஒட்டிவைக்கக்கூடிய அணிதான் இவர்களுக்கு ஆபத்து. அப்படிப்பட்ட சென்டர்கள் நாட்டில் மிகச் சிலரே. 2023-இன் சாம்பியனான கனெக்டிகட்டின் டானவன் கிளிங்கன் அவர்களில் ஒருவர், இந்த ஜனவரியில் காயத்தால் வெளியே இருக்கிறார்.

உங்கள் தோழர்களிடம் வர்ஜீனியாவையும் நினைவூட்டுங்கள். 2018-இல் பதினாறாம் தர அணியிடம் 20 புள்ளி வித்தியாசத்தில் தோற்ற அவர்கள், அடுத்த ஆண்டே பட்டம் வென்றார்கள். அந்தப் பயணத்தில் அவர்களை வீட்டுக்கு அனுப்பும் விளிம்பு வரை கொண்டுபோனது பர்டூதான். பர்டூவின் கார்சன் எட்வர்ட்ஸ் 42 புள்ளிகள் எடுத்த இரவு அது. கடைசி நொடியில் வர்ஜீனியாவின் டியாகிட்டே போட்ட ஒரு பாஸ்கட்டால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், பர்டூ 75–80 என்று தோற்றது. அன்றும் பர்டூவின் பயிற்சியாளர் பெயின்டர்தான். அப்படியொரு தோல்வியைச் சுமந்த அணி மறு ஆண்டு என்ன ஆகமுடியும் என்பதை எதிர்வரிசையில் நின்று பார்த்தவர் அவர்.

சனிக்கிழமை பென் ஸ்டேட் உங்கள் ஊருக்கு வருகிறது. டிக்கெட் கிடைத்தால் மேல்வரிசையில் உட்காருங்கள். காவலின் ஓட்டைகள் அங்கிருந்துதான் தெரியும். பந்தைப் பார்க்காமல், ஸ்க்ரீன் விழும் கணத்தில் ஈடி எங்கே நிற்கிறார், மூலையில் இருக்கும் பர்டூ வீரர் எத்தனை எட்டு உள்ளே வருகிறார் என்று மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். நெப்ராஸ்காவுக்குப் பிறகு பெயின்டர் எதையாவது திருத்தியிருந்தால் அங்கேதான் திருத்தியிருப்பார். செவ்வாய்க்கிழமை ப்ளூமிங்டனில் இந்தியானாவுடன் ஆட்டம். சென்ற ஆண்டு அந்த அணி பர்டூவை இரண்டு முறையும் வென்றது. அந்த ஆட்டத்துக்குப் பிறகு நீங்கள் கண்டதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்