காஸ்டிக் சோடாவில் கறுத்துப்போன கார்புரேட்டர்

அழுக்கைப் போக்க, கார்புரேட்டரை (எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் பாகம்) இரவு முழுவதும் காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்தீர்கள்; குமிழிகள் எழுந்து அது கறுத்துப்போனதால், கரைசலை இன்னும் கெட்டியாக்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம்; அதை உடனே வெளியே எடுத்து, ஓடும் நீரில் நெடுநேரம் அலசுங்கள். நீங்கள் அழுக்கு என்று கருதும் அந்தக் கறுப்பு, பெரும்பாலும் கார்புரேட்டரின் அலுமினியம் கரைந்துபோனபின் உலோகக் கலவையிலிருந்த சிலிக்கானும் செம்பும் மேற்பரப்பில் விட்டுச்சென்ற படிவமாகும்.

சாக்கடை அடைப்பு நீக்கியில் உள்ள காஸ்டிக் சோடா, இரும்பிலும் எஃகிலும் பழைய பெயின்ட்டையும் கிரீஸையும் அருமையாக உரித்துவிடும் என்றாலும், அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் அரித்துத் தின்றுவிடும். நீங்கள் கண்ட குமிழிகள் எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் என்பதால், அருகே நெருப்புப்பொறி கூடாது.

இனி எந்தப் பாகத்தையும் ஊறவைக்குமுன் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் சோடா வேண்டாம். கார்புரேட்டரின் இணைப்பு முகத்தில் (எஞ்சினோடு பொருந்தும் தட்டையான பரப்பில்) எஃகு அளவுகோலை நிறுத்தி, பின்னாலிருந்து விளக்கு காட்டுங்கள். வெளிச்சம் கசிந்தாலோ, திருகுமரைகள் தளர்ந்திருந்தாலோ, அதைப் பொருத்துவது வீண்வேலை.

கறுப்பை நைலான் தூரிகையாலும் பாத்திரம் கழுவும் திரவத்தாலும் தேய்த்தாலே போதும். கழிவறை அமிலத்தை ஊற்றினால் மீதி உலோகமும் அரிபடும். அதில் பிளீச்சும் கலந்துவிட்டால் நச்சுக் குளோரின் வாயு வெளிப்படும்.