வேதியர் பயிற்சிக்கு வெளிநாட்டு உதவி: ‘என் டிரஸ்ட் வழியா வாங்கித் தர்றேன்’ என்பவரை நம்பலாமா?

கேள்வி: எங்கள் கத்தோலிக்கப் பங்கில் ஆறு கிளைக் கிராமங்கள். பன்னிரண்டு வேதியர்களுக்கு (கிராமங்களில் மறைக்கல்வி கற்பிப்பவர்கள்) ஓராண்டுப் பயிற்சி, இரண்டு பைக், மறைக்கல்வி நூல் அச்சிடும் செலவு எல்லாம் சேர்த்து எட்டு லட்சம் தேவை. ஜெர்மனியில் உள்ள கத்தோலிக்க அமைப்பிடம் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். அவருடைய டிரஸ்டுக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இருக்கிறதாம். பணம் அதில் வந்ததும் 15 சதவீதம் எடுத்துக்கொண்டு மீதியை எங்களுக்குத் தருவாராம். ஃபைல் செலவுக்கு 25,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் ஒரு லட்சம் தர முன்வந்திருக்கிறார். வாங்கலாமா?
– பங்குப் பேரவைச் செயலாளர், விருதுநகர் மாவட்டம்

பதில்: முதலில் அந்த 25,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். அவர் நல்லவரா கெட்டவரா என்ற ஆராய்ச்சியே வேண்டாம். அவர் சொல்கிற வழியே சட்டப்படி குற்றம்.

2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்கு முன் ஒரு பதிவுபெற்ற அமைப்பு தான் பெற்ற பணத்தைப் பதிவுபெற்ற இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடிந்தது. இப்போது 7-ஆம் பிரிவு அதை அடியோடு தடுக்கிறது. வாங்கியவரே செலவு செய்ய வேண்டும். யாருக்கும் கை மாற்றக் கூடாது. ‘எஃப்.சி.யை (எஃப்.சி.ஆர்.ஏ. பதிவை) வாடகைக்கு விடுகிற’ இந்தத் தொழில் அதற்குப் பிறகும் நிற்காததற்குக் காரணம், கிராமத்துப் பங்குகளுக்கு யாரும் விஷயத்தை எடுத்துச் சொல்லவில்லை என்பதுதான். மாட்டினால் கொடுத்தவர் மட்டுமல்ல, வாங்கியவரும் மாட்டுவார். சட்டத்தில் ஐந்து ஆண்டு வரை சிறைக்கு இடமிருக்கிறது. அவர் எடுக்கும் 15 சதவீதத்தைக் கணக்கில் காட்ட உங்களிடம் பொய் பில்லும் கேட்பார். அந்த பில்லில் இருக்கப்போவது உங்கள் பங்குத்தந்தையின் கையெழுத்து.

இன்னொன்று. நற்செய்திப் பணிக்கு உதவும் கத்தோலிக்க அமைப்புகள் எதுவும் விண்ணப்பத்துக்குக் கட்டணம் வாங்குவதில்லை. ‘ஆகனில் (இப்படிப்பட்ட அமைப்புகள் இருக்கும் ஜெர்மன் நகரம்) எனக்கு ஆள் தெரியும்’ என்பவருக்குத் தெரிந்ததெல்லாம் இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கும் முகவரிதான்.

அப்படியானால் பணம் யார் வழியாக வர வேண்டும்? உங்கள் மறைமாவட்டத்தின் சட்டப்பூர்வ அமைப்பு வழியாக. ஆயரகத்தில் (பிஷப் அலுவலகத்தில்) நிதிப் பொறுப்பாளரைப் பார்த்து எஃப்.சி.ஆர்.ஏ. பதிவுச் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். அதில் இரண்டு இடங்களைக் கண்ணால் பாருங்கள். ஒன்று, காலாவதி தேதி. பதிவு ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும். இரண்டாவதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்: அமைப்பின் தன்மை என்ன என்று அதில் எழுதியிருக்கும். மறைமாவட்டங்களில் பெரும்பாலும் இரண்டு அமைப்புகள் இருக்கும். ஒன்று ஆலயங்களையும் குருக்களையும் பார்க்கிற சங்கம். மற்றொன்று கிணறு, தையல் பயிற்சி, சுயஉதவிக் குழு என்று போகிற சமூகப் பணி மையம். சமூகப் பணி மையத்தின் பதிவில் ‘சமூகம்’, ‘கல்வி’ என்று மட்டும் இருந்தால் அதில் வேதியர் பயிற்சிக்குப் பணம் வாங்கக் கூடாது. வேதியர் பயிற்சி சமயப் பணி. ‘அங்க இருக்கிற சாமியார் சுறுசுறுப்பானவர், அவர் வழியா வாங்கிடலாம்’ என்று போய்ப் பதிவை இழந்தால் கிணறும் போகும், தையலும் போகும்.

பங்குக்குப் பணம் வந்தால் அதுவும் கை மாற்றம் ஆகாதா என்று கேட்பீர்கள். பான் எண்ணைப் பாருங்கள். உங்கள் பங்கின் வங்கிக் கணக்கு மறைமாவட்டச் சங்கத்தின் பான் எண்ணிலேயே இருந்தால் இரண்டும் ஒரே அமைப்பு. பங்கு தனி டிரஸ்ட் பதிந்து தனி பான் வாங்கியிருந்தால் அது வேறு அமைப்பு. அதற்கு மாற்ற முடியாது. அப்படி இருந்தால் நூல் அச்சிடுபவருக்கும் பைக் விற்பவருக்கும் பணம் சங்கத்தின் கணக்கிலிருந்தே நேராகப் போக வேண்டும். பைக்கின் ஆர்.சி. புத்தகத்திலும் சங்கத்தின் பெயர்தான் இருக்க வேண்டும். வேதியர் பெயரிலோ பங்குத்தந்தை பெயரிலோ எழுதிவிட்டு, அவர் மாற்றலாகிப் போகும்போது வண்டியும் போன கதை எல்லா மறைமாவட்டத்திலும் உண்டு.

பணம் முதலில் வந்து இறங்கும் இடம் புது டில்லி, சன்சத் மார்க்கில் உள்ள ஸ்டேட் பாங்கின் தலைமைக் கிளை. நாடு முழுவதற்கும் அது ஒன்றுதான். விருதுநகரில் ஒரு வேதியர் சாப்பிடும் சாப்பாட்டுக்குப் பணம் ஏன் டில்லியைச் சுற்றி வர வேண்டும் என்று கேட்காதீர்கள், பதில் கிடைக்காது. பதிவைப் புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டு மாதக்கணக்கில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரே வரியைப் பார்த்துக்கொண்டிருக்கும் சங்கங்கள் இருக்கின்றன. பதிவு முடிய ஓராண்டுக்கும் குறைவாக இருந்தால், புதுப்பித்த சான்றிதழ் கைக்கு வந்த பிறகு உதவிக்கு விண்ணப்பியுங்கள். பணம் அனுமதியாகி, வாங்கக் கணக்கு இல்லாமல் நிற்பது கேட்காமல் இருப்பதைவிடக் கேவலம்.

யாரிடம் கேட்பது? ஜெர்மானிய அமைப்புகளை ஒன்றோடொன்று குழப்புவதால்தான் பாதி விண்ணப்பங்கள் திரும்பி வருகின்றன. மிசெரியோர் வளர்ச்சிப் பணிக்கு. வேதியர் பயிற்சியை அங்கே அனுப்பினால் பயனில்லை. அத்வேனியாத் லத்தீன் அமெரிக்காவுக்கு, ரெனோவாபிஸ் கிழக்கு ஐரோப்பாவுக்கு. உங்களுக்கு உரியவை மறைபரப்புப் பணிக்கு உதவும் மிசியோவும், கோனிக்ஸ்டைனில் உள்ள ஏ.சி.என். (‘எய்ட் டு த சர்ச் இன் நீட்’) அமைப்பும். வேதியர் பயிற்சி, மறைக்கல்வி நூல், கிராமப் பணிக்கான வாகனம் எல்லாம் ஏ.சி.என். கவனிக்கிற துறைகள். ஒரே செலவை இரண்டு இடத்திலும் கேட்காதீர்கள். பயிற்சியை ஓரிடத்திலும் பைக்கை வேறிடத்திலும் கேட்டால் இரண்டு கடிதத்திலும் அதைச் சொல்லிவிடுங்கள். அக்டோபரில் மறைபரப்பு ஞாயிறு காணிக்கையாக நீங்கள் போட்ட பணத்திலிருந்தும் வேதியர்களுக்கு உதவி வருகிறது. அது ஆயர் வழியாகப் பாப்பிறை (போப்பாண்டவர்) மறைபரப்புக் கழகங்களிடம் கேட்க வேண்டியது. தன் மறைமாவட்டத்துக்கு அதில் எவ்வளவு வந்தது என்று பங்குப் பேரவையினர் கேட்டால் ஆயரகத்தில் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது, கோபித்துக்கொள்கிறார்கள்.

ஆயரின் கையெழுத்திட்ட பரிந்துரை இல்லாத விண்ணப்பத்தைப் படிக்கவே மாட்டார்கள். திருச்சபைச் சட்டத்தின் 1265-ஆம் விதிப்படியும் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் தனிநபர்கள் திருச்சபைப் பணிக்காகப் பணம் திரட்டக் கூடாது.

இனி பட்ஜெட். ‘பயிற்சிச் செலவு – 3,00,000’ என்று ஒற்றை வரி எழுதினால் கேள்விகளோடு திரும்பும். இப்படி எழுதுங்கள்: 12 வேதியர், மாதம் ஒரு சனி ஞாயிறாகப் பத்து மாதம், மொத்தம் 20 நாள், ஒருவருக்கு நாளுக்கு உணவு 180 ரூபாய், ஆக 43,200. போக்குவரத்து ஒருவருக்கு ஒரு முறை 150 ரூபாய், பத்து முறைக்கு 18,000. பைக்குக்கும் அச்சுக்கும் கொட்டேஷன் இணைக்க வேண்டும். பங்கின் பங்களிப்பு எவ்வளவு என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். அரிசியும் மண்டபமும் நீங்கள் தருவதானால் அதற்கும் விலை போட்டு எழுதுங்கள். தொகையை ஏற்றிக் கேட்டால் குறைத்துக் கொடுப்பார்கள் என்ற பழைய கணக்கு வேண்டாம். கொடுத்த பணம் மிஞ்சினால் வேறு செலவுக்குத் திருப்ப முடியாது. எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும்.

பெட்ரோலில் ஒரு சிக்கல் உண்டு. ஆண்டில் வரும் வெளிநாட்டுப் பணத்தில் 20 சதவீதத்துக்கு மேல் நிர்வாகச் செலவு கூடாது. 2020-க்கு முன் இது 50 ஆக இருந்தது. வண்டி ஓட்டும் செலவும் பழுதுபார்ப்பும் இந்தக் கணக்கில் வரும். பயிற்சி கொடுப்பவருக்குத் தரும் சம்பளம் வராது. அதனால் பெட்ரோலைப் பங்கின் சொந்தக் காணிக்கையில் போட்டுக்கொள்வது நல்லது.

எழுதும் மொழியிலும் நிதானம் வேண்டும். ஆசை காட்டியோ வற்புறுத்தியோ மதம் மாற்றும் அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு கிடையாது. ‘இத்தனை பேரை மனம் திருப்புவோம்’ என்று ஜெர்மனியை மகிழ்விக்க எண்ணிக்கை எழுதித் தரும் தரகர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு வரி போதும் உங்கள் சங்கத்தை விசாரணைக்கு இழுக்க. என்ன செய்யப்போகிறீர்களோ அதை எழுதுங்கள்: எத்தனை கத்தோலிக்கக் குடும்பம், பங்குக் கோவிலிலிருந்து எத்தனை கிலோமீட்டர், குரு மாதத்தில் எத்தனை முறை வர முடிகிறது, வேதியர் என்ன கற்பிப்பார். இலவசப் பொருள் எதையும் மறைக்கல்வியோடு முடிச்சுப் போடாதீர்கள்.

இப்போது சிங்கப்பூர்க்காரர். அவர் எங்கே இருக்கிறார் என்பது கேள்வியே இல்லை. கையில் எந்த நாட்டு பாஸ்போர்ட் என்பதுதான் கேள்வி. இந்திய பாஸ்போர்ட் என்றால், அங்கே இருபது வருடம் நிரந்தர வாசியாக இருந்தாலும், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பங்கின் சாதாரணக் கணக்கிலேயே வாங்கலாம். எஃப்.சி. கணக்கில் போடவே கூடாது. அதில் உள்நாட்டுப் பணம் கலக்கக் கூடாது. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டார் என்றால் அவர் வெளிநாட்டவர், ஓ.சி.ஐ. (‘வெளிநாட்டு இந்தியக் குடிமகன்’) அட்டை இருந்தாலும் வெளிநாட்டவர்தான். அட்டையின் பெயரில் ‘இந்தியக் குடிமகன்’ என்று வருவதைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். இந்திய பாஸ்போர்ட்காரரே அங்கே நண்பர்களிடம் திரட்டி அனுப்பினால் அது அவருடைய சேமிப்பு அல்ல, சலுகை போய்விடும். வேறு குடியுரிமை பெற்றவர் திருவிழாவுக்கு ஊருக்கு வந்து ரூபாய் நோட்டாகக் கையில் கொடுத்தாலும் சட்டத்தின் கண்ணில் அது வெளிநாட்டுப் பணம்தான். ஆகவே பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்க நகலும், ‘இது என் சொந்தச் சேமிப்பு’ என்று கையெழுத்திட்ட கடிதமும் வாங்கிக் கோப்பில் வைத்த பிறகு பணத்தைப் பெறுங்கள். அடுத்த ஆண்டு மறுபடி அனுப்பினால் மறுபடியும் நகல் கேளுங்கள். இடையில் குடியுரிமை மாறியிருக்கலாம்.

அந்தத் தரகருக்கு ஏற்கெனவே ஏதாவது எழுதிக் கொடுத்திருந்தால், குறிப்பாகப் பங்கின் லெட்டர்பேடில் வெற்றுத்தாளோ முத்திரையோ போயிருந்தால், இன்றைக்கே ஆயரகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தரகர் எந்த அமைப்பின் பெயரைச் சொன்னாரோ அதற்கும் ஆயரகமே ஒரு மின்னஞ்சல் அனுப்பட்டும்: எங்கள் பங்கின் பெயரில் ஆயர் கடிதம் இல்லாமல் வரும் விண்ணப்பம் எங்களுடையது அல்ல என்று.